லாவ்லாவ் நாக்கை அரிக்கிறதா? ஹவாய் விடுமுறை வீட்டில் சமைக்கும்போது வரும் கோளாறுகளும் தீர்வுகளும்

ஹவாயில் ஒரு வாரத்துக்கு வீடு எடுத்துத் தங்குகிறவர்கள் அங்குள்ள பழைய சாப்பாட்டைத் தாங்களே சமைத்துப் பார்க்க ஆசைப்படுவது நல்ல ஆசைதான். தேவையான பொருள்கள் மிகவும் குறைவு. பன்றித் தோள், சேம்பு இலை, மீன், தேங்காய்ப்பால், உப்பு இருந்தால் போதும். மசாலா கிடையாது. அதனாலேயே தவறு நடந்தால் மறைக்க இடமும் கிடையாது. இந்தச் சமையலில் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை அவசரத்தால் வருபவை. மூன்று மணிக்குக் கடலில் குளித்துவிட்டு வந்து ஆறு மணிக்கு இலை அவிழ்க்க நினைத்தால் எதுவும் வெந்திருக்காது.

கடைக்குப் போகும் முன் நான்கு விஷயங்களைப் பாருங்கள். வீட்டில் ஓவன் இருக்கிறதா? பல அடுக்குமாடி வாடகை வீடுகளில் இரண்டு சுருள் மின்னடுப்பும் மைக்ரோவேவும் மட்டுமே இருக்கும். ஓவனின் எண்கள் ஃபாரன்ஹீட்டிலா? (ஆம், ஃபாரன்ஹீட்டில்தான், 325 என்பது நம் கணக்கில் 163 டிகிரி செல்சியஸ்.) இறுக்கமான மூடியுள்ள பெரிய பாத்திரம் உண்டா? வீடு கடலோரத்திலா, மலையிலா? கடைசிக் கேள்வி வேடிக்கைக்காக இல்லை. பெரிய தீவின் வால்கேனோ கிராமம் 1,100 மீட்டருக்கு மேல் உள்ளது. அங்கே தண்ணீர் சுமார் 96 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஆவியில் வேகும் எதற்கும் அங்கே ஒரு மணி நேரம் கூடுதலாக வேண்டும்.

இறைச்சிக்குள் குத்திப் பார்க்கும் வெப்பமானி ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். வாடகை வீட்டு இழுப்பறையில் அது இருக்கவே இருக்காது.

நாக்கு, உதடு, தொண்டை அரிக்கிறது

லாவ்லாவ் (பன்றி இறைச்சியையும் மீனையும் சேம்பு இலையில் சுற்றி ஆவியில் வேகவைக்கும் பொட்டலம்), ஸ்க்விட் லூவாவ் (தேங்காய்ப்பால் சேர்த்த சேம்பு இலை, ஆக்டோபஸ் கறி) இரண்டிலும் வரும் முதல் புகார் இதுதான். லூவாவ் இலை என்பது இளம் சேம்பு இலை. நாம் சேப்பங்கிழங்கு என்று வறுத்துத் தின்னும் அதே செடியினம், ஹவாய் மொழியில் காலோ. சேனையும் சேம்பும் நறுக்கிக் கையரித்த அனுபவம் உள்ளவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. இலைக்குள் ஊசி ஊசியாகக் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் இருக்கின்றன, அரைவேக்காட்டில் அவை குத்தும். நம்மூரில் புளி ஊற்றி அடக்குவோம். லாவ்லாவில் புளி சேர்த்தால் அது வேறு பண்டமாகிவிடும். இங்கே மருந்து நேரம் மட்டுமே.

ஆவியில் வேகும் லாவ்லாவுக்குக் குறைந்தது 4 மணி நேரம் வேண்டும். தண்ணீர் கொதித்து ஆவி வரத் தொடங்கிய பிறகுதான் அந்த நேரத்தை எண்ண வேண்டும். மின்சாரப் பிரஷர் குக்கர் இருந்தால் அதிக அழுத்தத்தில் 75 முதல் 90 நிமிடம் வைத்து, அழுத்தம் தானாக இறங்கும்வரை விடுங்கள். விசில் அடிக்கும் நம் குக்கரைவிட மின்சாரக் குக்கர்களில் அழுத்தம் சற்றுக் குறைவு என்பதால் வீட்டுக் கணக்கு இங்கே செல்லாது. வெந்த இலை கரும்பச்சையாக, கரண்டியால் அழுத்தினால் கீரை மசியல்போலக் குழைய வேண்டும். இலை வடிவம் தெரிகிறது, நரம்பு பல்லில் படுகிறது என்றால் மீண்டும் அடுப்புக்கு.

ஏற்கெனவே பந்தியில் வைத்த பிறகு அரிப்பு தெரிந்தால் எல்லாப் பொட்டலங்களையும் நிறுத்துங்கள். ஒன்று வேகவில்லை என்றால் மற்றவையும் வெந்திருக்காது. திரும்பக் கட்டி இன்னும் ஒன்றரை மணி நேரம் ஆவியில் வைத்தால் சரியாகிவிடும். பொட்டலத்தை வீணாக்க வேண்டியதில்லை.

நான்கு மணி நேரமும் வைத்தேன், இன்னும் அரிக்கிறது என்றால் மூன்று காரணங்களைத் தேடுங்கள். ஒன்று, நடுவில் தண்ணீர் வற்றிப்போய் வெறும் சூட்டில் இருந்திருக்கும். இட்லிப் பானையில் நாணயம் போடும் பழக்கம் இங்கே கைகொடுக்கும்: சத்தம் நின்றால் தண்ணீர் தீர்ந்தது. முக்கால் மணிக்கு ஒருமுறை கொதிநீரை ஊற்றுங்கள். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஆவி நின்றுவிடும், மறுபடி கொதிக்கும்வரை ஆகும் நேரம் கணக்கில் சேராது. இரண்டு, காம்பையும் முதுகுத் தண்டையும் உரிக்காமல் வைத்திருப்பீர்கள். இலைக்குப் பின்னால் தடித்த நரம்பைக் கத்தியால் சீவி எடுக்க வேண்டும். மூன்று, பொட்டலங்களைப் பானைக்குள் நெருக்கித் திணித்திருப்பீர்கள். ஆவி புகுந்து வர இடைவெளி வேண்டும்.

வழியோரத்தில் பளபளவென்று நிற்கும் பெரிய இலைகளைப் பறித்து வராதீர்கள். அதில் பலவும் ஆபே என்னும் அலங்காரச் செடிகள், பார்வைக்குச் சேம்புபோல இருக்கும், எவ்வளவு வேகவைத்தாலும் நம்ப முடியாது. வயலில் நிற்பது உண்மையான காலோ என்றால் அது வேறொருவரின் பயிர். கடையில் லூவாவ் லீஃப் என்று பையில் கட்டி விற்பதை மட்டும் வாங்குங்கள். ஒவ்வோர் இலையையும் இருபுறமும் ஓடும் நீரில் தேய்த்துக் கழுவுங்கள். ஹவாயில் நத்தை, கூடில்லா நத்தை வழியாக எலி நுரையீரல் புழு பரவுவதுண்டு. நன்றாக வேகும் இலையில் அந்தப் பயம் இல்லை, ஆனால் கழுவிய தொட்டியிலேயே சாலட் கீரையை அலசினால் பயம் திரும்பி வரும்.

பொட்டலம் பிரிந்து சாறு ஓடிவிட்டது

வெளியே சுற்றுவது கீ இலை. கடைப் பலகையில் டீ லீஃப் என்று எழுதியிருக்கும், தேயிலைக்கும் அதற்கும் தொடர்பில்லை. அதைத் தின்பதும் இல்லை. வாழையிலைபோல வாசத்துக்கும் உறைக்கும் மட்டும்தான். நடுநரம்பு விறைப்பாக இருப்பதால் மடித்தால் முறியும். பின்பக்கம் நரம்பின் பாதித் தடிப்பைக் கத்தியால் மேலோட்டமாகச் சீவி உரித்தால் துணிபோல வளையும். அவசரத்துக்கு ஒரு நிமிடம் கொதிநீரில் முக்கியோ, மைக்ரோவேவில் 30 நொடி வைத்தோ வாட்டலாம்.

ஒரு பொட்டலத்துக்கு லூவாவ் இலை 5 அல்லது 6, கொழுப்போடு நறுக்கிய பன்றித் தோள் 110 கிராம், உப்பிட்ட பட்டர்ஃபிஷ் ஒரு சிறு துண்டு (சுமார் 40 கிராம்), அதன் மேல் ஒரு சிட்டிகை உப்பு. கீ இலை இரண்டைச் சிலுவைபோல வைத்து, ஒன்றின் மேல் ஒன்றாகச் சுற்றி, காம்பையே நூலாக்கிக் கட்டுவது வழக்கம். வராவிட்டால் பருத்தி நூல் போதும். பட்டர்ஃபிஷ் என்பது கருங்காட் (பிளாக் காட்) என்னும் கொழுப்பு மீன். அதன் கொழுப்புதான் இலைக்குள் இறங்கி ருசி தருகிறது. மெலிந்த மீனையும் மெலிந்த இறைச்சியையும் வைத்துவிட்டு "சப்பென்று இருக்கிறது" என்று உப்பை ஏற்றுவதில் பயனில்லை.

கலுவா இறைச்சி நார் நாராகப் பிரியவில்லை

கலுவா என்பது குழியடுப்பில் புகைமணத்தோடு வேகும் பன்றி இறைச்சி, இங்கே ஓவனில் செய்கிறோம். முதலில் வெப்பமானியைக் குத்துங்கள். பன்றி இறைச்சி 145 டிகிரி ஃபாரன்ஹீட்டில் (63 செல்சியஸ்) சாப்பிடப் பாதுகாப்பானது, ஆனால் அந்த நிலையில் அது ரப்பர். இணைப்புத் திசு ஜெலட்டினாகக் கரைந்து இழை இழையாகப் பிரிய 195 முதல் 203 டிகிரி (90 முதல் 95 செல்சியஸ்) வேண்டும். வெந்தது வேறு, பிரிவது வேறு. 170-இல் நிற்கும் இறைச்சியை வெளியே எடுத்து முட்கரண்டியால் சண்டை போடுவதுதான் எல்லாரும் செய்யும் தவறு. மூடி மறுபடி உள்ளே தள்ளுங்கள்.

அளவு இது: எலும்போடோ இல்லாமலோ 2.3 கிலோ தோள் துண்டு. கடையில் போர்க் பட் என்று எழுதியிருக்கும், பெயரைப் பார்த்து மிரளாதீர்கள், அது தோள்தான். கல்லுப்பு கிலோவுக்கு 10 முதல் 12 கிராம், திரவப் புகை (பாட்டிலில் விற்கும் புகைமணச் சாறு) மொத்தத்துக்கும் ஒரு மேசைக்கரண்டி. கத்தியால் எட்டுப் பத்து இடத்தில் குத்தி உப்பைத் தேயுங்கள். கீ இலையிலோ வாழையிலையிலோ சுற்றி, அதன் மேல் ஃபாயில் இரண்டடுக்கு. ஓவனில் 325 டிகிரி ஃபாரன்ஹீட்டில் நாலரை முதல் ஐந்து மணி நேரம். ஓவன் இல்லையென்றால் ஸ்லோ குக்கரில் குறைந்த சூட்டில் 14 முதல் 16 மணி நேரம். இரவு எட்டு மணிக்குப் போட்டால் மறுநாள் மதியத்துக்குச் சரியாக வரும். தண்ணீர் ஊற்ற வேண்டாம். இடையில் மூடியைத் திறந்து பார்க்கவும் வேண்டாம், ஒவ்வொரு திறப்பும் நேரத்தைத் தின்னும்.

*பிரிந்துவிட்டது, ஆனால் வறண்டிருக்கிறது.* நீங்கள் வாங்கியது லாயின் (முதுகுப் பக்க மெலிந்த இறைச்சி) துண்டு. அதில் கரைவதற்குக் கொழுப்பும் இல்லை, ஜெலட்டினும் இல்லை. தோள் துண்டே வறண்டால், சாற்றை வடித்துக் கொட்டியிருக்கிறீர்கள். சாற்றை ஆறவிட்டு மேலே மிதக்கும் கொழுப்பில் பாதியை மட்டும் நீக்கி, மிச்சத்தைப் பிரித்த இறைச்சியில் ஊற்றிக் கலந்து, மூடி பத்து நிமிடம் வைத்தால் உறிஞ்சிக்கொள்ளும்.

*உப்புக் கரிக்கிறது.* கரண்டிக் கணக்கு ஏமாற்றும். பொடியுப்பு ஒரு கரண்டியில் அடங்கும் எடையும் பருக்கை உப்பின் எடையும் ஒன்றல்ல. அதனால்தான் கிராமில் கொடுத்திருக்கிறோம். தீர்ப்பு சொல்லும் முன் அதைப் போயியோடு (காலோ கிழங்கு மசியல்) சேர்த்துச் சுவையுங்கள். போயியில் உப்பே கிடையாது, இந்த இறைச்சியின் உப்பு அதை நம்பித்தான் இருக்கிறது. தயிர்ச்சாதம் இல்லாமல் ஊறுகாயை மட்டும் தின்று குறை சொல்வதுபோல ஆகிவிடக்கூடாது. அப்படியும் அதிகமென்றால் அரை முட்டைக்கோஸைத் தடிமனாக நறுக்கி இறைச்சியோடு போட்டு ஏழெட்டு நிமிடம் மூடி வேகவைத்தால் சமன்படும். கலுவாவும் முட்டைக்கோஸும் அங்கே அன்றாடச் சாப்பாடு என்பதால் யாரும் இதைப் பழுதுபார்ப்பு என்று கண்டுபிடிக்க மாட்டார்கள்.

*புகை கசக்கிறது.* திரவப் புகை அதிகம். கசப்பை எடுக்க வழியில்லை, நீர்த்துப்போகச் செய்யலாம்: சாற்றை ஊற்றாமல், வெந்நீரில் கொஞ்சம் உப்புக் கரைத்து அதைக் கலக்குங்கள். அடுத்த முறை கியாவே மரப் புகையில் செய்த பாட்டில் கிடைக்கிறதா பாருங்கள். குழியடுப்பில் எரிவதும் பெரும்பாலும் அந்த மரம்தான்.

உப்பைப் பற்றி ஒரு வார்த்தை. அலாயே என்று விற்கும் செம்மண் கலந்த உப்பு பெரும்பாலும் கடலுப்பில் மண்ணைக் கலந்து தயாரிப்பது. கவாய் தீவில் ஹனாபேபே உப்பளத்துக் குடும்பங்கள் எடுக்கும் உப்பு விற்பனைக்கு வருவதில்லை, பரிசாகத்தான் கைமாறும். சாதாரணப் பருக்கை உப்பிலும் கலுவா நன்றாகவே வரும்.

தேங்காய்ப்பால் திரிந்துவிட்டது

ஸ்க்விட் லூவாவில் பெயர்தான் ஸ்க்விட், போடுவது ஆக்டோபஸ். இலை 450 கிராமைத் தனியாகத் தண்ணீரில் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். கால் தேக்கரண்டி சமையல் சோடா போட்டால் இலை சீக்கிரம் குழையும். ஆக்டோபஸ் தனியாக மெல்லிய கொதியில் 45 முதல் 60 நிமிடம். இரண்டும் சேர்ந்த பிறகு கடைசியில்தான் ஒரு டப்பா தேங்காய்ப்பால். சொதிக்குச் செய்வதுபோல ஆவி பறந்ததும் இறக்கிவிட வேண்டும். தளதளவென்று கொதிக்கவிட்டால் எண்ணெய் பிரியும். பிரிந்தால் ருசி கெடாது, பார்வைதான் கெடும்.

ஆக்டோபஸ் ரப்பராக இருந்தால் அதற்கும் பதில் கூடுதல் நேரமே. உறைந்து வாங்கியது பெரும்பாலும் சீக்கிரம் மிருதுவாகும்.

போயி கட்டி கட்டியாக, புளிப்பாக இருக்கிறது

வேகவைத்த காலோ கிழங்கை இடித்து, நீர்விட்டுப் பிசைந்தது போயி. ஒரு வார விடுமுறையில் இதைக் கிழங்கிலிருந்து தொடங்க வேண்டாம் என்பது எங்கள் கட்சி. கடையில் பையில் கிடைப்பதே நல்லது. மிக்ஸியில் அடித்தால் பசைபோல இழுத்துக்கொண்டு, வேகாத மூலை ஒன்று இருந்தாலும் முழுவதும் அரிக்கும்.

பையைத் திறக்கும் முன் வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து நிமிடம் போட்டு வெளியிலிருந்தே பிசையுங்கள். பாத்திரத்தில் கொட்டி, கையை நனைத்து, ஒருமுறைக்கு இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர் மட்டும் சேர்த்துப் பிசையுங்கள். ஒரேயடியாகத் தண்ணீர் ஊற்றினால்தான் கட்டி தட்டும். தட்டிவிட்டால் சல்லடையில் தேய்த்து வடிகட்டலாம். ஒரு விரலில் அள்ளினால் நிற்பது கெட்டி, மூன்று விரல் வேண்டியிருந்தால் தளர்வு. எது சரி என்பது வீட்டுக்கு வீடு வேறுபடும்.

புளிப்பு கோளாறே இல்லை. லாக்டிக் அமில பாக்டீரியா வேலை செய்கிறது, நம் இட்லி மாவு பொங்குவதுபோல. முதல் நாள் இனிப்பு, இரண்டு மூன்று நாளில் புளிப்பு. பழையவர்கள் புளித்ததைத்தான் விரும்புவார்கள். புளிக்க வேண்டாமென்றால் வாங்கிய அன்றே சாப்பிடுங்கள். மிச்சத்தைக் கிண்ணத்தில் சமப்படுத்தி மேலே ஒரு விரல் உயரம் தண்ணீர் நிற்கவிட்டு வைத்தால் தோல் கட்டாது. பூஞ்சையோ, இளஞ்சிவப்புப் புள்ளியோ தெரிந்தால் மேலே சுரண்டிவிட்டுச் சாப்பிடாமல் முழுவதையும் கொட்டுங்கள்.

போக்கே தண்ணீர் விட்டுவிட்டது

போக்கே என்பது பச்சை மீன் துண்டுகளின் கலவை. தண்ணீர் விட்டால் உப்பை முன்னதாகப் போட்டிருக்கிறீர்கள். ஆஹி (சூரை வகை) 450 கிராம், இரண்டு சென்டிமீட்டர் துண்டுகள். பருக்கை உப்பு ஒரு தேக்கரண்டி, இனாமோனா ஒரு மேசைக்கரண்டி, நறுக்கிய ஓகோ பாசி ஒரு பிடி. சாப்பிடுவதற்கு அரை மணிக்குள் கலக்க வேண்டும். சோயா சாஸும் நல்லெண்ணெயும் பின்னால் ஆசியக் குடியேறிகளோடு வந்து சேர்ந்தவை, விரும்பினால் ஓரிரு தேக்கரண்டி.

இனாமோனா என்பது வறுத்து இடித்த குகுய் கொட்டை. மலேசியத் தமிழர்கள் புவா கெராஸ் என்று குழம்பில் அரைத்துச் சேர்ப்பதும் இதுதான். பச்சையாகத் தின்றால் வயிற்றைக் கலக்கிப் பேதியாகும். மரத்தடியில் பொறுக்கியதை நேரே இடிக்காதீர்கள். கடையில் தயாராகக் கிடைக்கும். கிடைக்காவிட்டால் மக்கடேமியாவை நன்றாகச் சிவக்க வறுத்து உப்போடு இடிக்கலாம்.

*மீன் பழுப்பாகிறது.* காற்றுப்பட்டு நிறம் மாறுகிறது. நாற்றமில்லை என்றால் கெட்டதாக அர்த்தமில்லை. எதிர்மாறாக, தர்பூசணிச் சிவப்பில் ஜொலிப்பதால் மட்டும் புதியது என்று நம்பவும் முடியாது. உறைந்த சூரையின் நிறத்தைக் கார்பன் மோனாக்சைடு ஏற்றி நிறுத்திவைப்பதுண்டு. "முன்பு உறையவைத்தது" என்று அட்டையில் இருக்கிறதா படியுங்கள்.

*துண்டுகள் மசிந்துவிட்டன.* உறைந்த மீனைச் சுடுதண்ணீரில் இளக்கியிருப்பீர்கள். உறையைக் கீறிவிட்டு, தட்டில் துணி விரித்து, குளிர்பெட்டியில் இரவு முழுவதும் வைக்க வேண்டும்.

*நாக்கில் மிளகுபோலச் சுருக்கென்கிறது.* இதை விளையாட்டாக எடுக்காதீர்கள். சூரையைச் சூட்டில் வைத்திருந்தால் ஹிஸ்டமின் உண்டாகும். சமைத்தாலும் உறையவைத்தாலும் அது போகாது. வறுத்துச் சமாளிக்கலாம் என்ற யோசனையை விட்டு முழுவதையும் குப்பையில் போடுங்கள். முகம் சிவந்து, தலைவலி, படபடப்பு வந்தால் மருத்துவரிடம் போங்கள். கடையிலிருந்து கடற்கரை வழியாகச் சுற்றி வருவதென்றால் காரில் பனிக்கட்டிப் பெட்டி கட்டாயம்.

லோமி சால்மன்: உப்பு, அல்லது வெறும் தக்காளித் தண்ணீர்

உப்பிட்ட சால்மனைத் தக்காளி, வெங்காயத்தோடு பிசைந்தது லோமி சால்மன். சால்மன் ஹவாய்க் கடலில் இல்லாத மீன். 19ஆம் நூற்றாண்டில் கப்பலில் உப்புக்கண்டமாக வந்தது, அதனால்தான் உப்பிட்ட மீனே இதன் அடிப்படை. வாங்கிய உப்பு சால்மனை இரவு முழுவதும் குளிர்பெட்டியில் ஊறவைத்து மூன்று நான்கு முறை தண்ணீர் மாற்றுங்கள். ஒரு ஓரத்தை நக்கிப் பார்த்து உப்பு மிச்சமிருந்தால் இன்னொரு மணி நேரம். நீங்களே உப்பிடுவதானால் உறையவைத்து விற்ற மீனையே எடுங்கள். ஒட்டுண்ணியைக் கொல்ல மைனஸ் 20 செல்சியஸில் ஏழு நாள் தேவை, வாடகை வீட்டு உறைபெட்டியை அதற்கு நம்ப முடியாது.

மீன் 225 கிராமுக்குத் தக்காளி நான்கு, நடுத்தர மாவி வெங்காயம் ஒன்று, வெங்காயத்தாள் மூன்று. தக்காளியின் விதைச் சாற்றை நீக்காததால்தான் தண்ணீர் தேங்குகிறது. நொறுக்கிய பனிக்கட்டியைப் பரிமாறும் நொடியில் போடுங்கள், முன்னால் போட்டால் உருகி ரசமாகிவிடும்.

ஹௌபியா உறையவில்லை

ஹௌபியா என்பது தேங்காய்ப்பாலை மாவால் உறையவைத்த இனிப்பு. தமிழர்கள் விழும் குழி ஒன்று இங்கே இருக்கிறது. நாம் கார்ன்ஃப்ளார் என்று வாங்கும் வெள்ளை மாவுக்கு அமெரிக்கக் கடையில் கார்ன்ஸ்டார்ச் என்று பெயர். அங்கே கார்ன் ஃப்ளவர் என்று கேட்டால் மஞ்சள் மக்காச்சோள மாவு கிடைக்கும். அது உறையாது, கூழாகும். தேங்காய்ப்பாலிலும் அதே சிக்கல்: கிரீம் ஆஃப் கோகனட் என்ற டப்பா சர்க்கரைப் பாகு கலந்தது, மதுபானக் கலவைக்கு உரியது.

சரியான அளவு: தேங்காய்ப்பால் 400 மில்லி டப்பா ஒன்று, தண்ணீர் 240 மில்லி, சர்க்கரை 100 கிராம், கார்ன்ஸ்டார்ச் 48 கிராம் (ஆறு மேசைக்கரண்டி), உப்பு ஒரு சிட்டிகை. மாவைக் குளிர்ந்த தண்ணீரில் கரைத்துவிட்டே அடுப்பில் ஏற்ற வேண்டும். சூடான பாலில் நேரே கொட்டினால் கட்டிதான். நடுத்தரத்துக்குக் குறைந்த சூட்டில் கைவிடாமல் கிளறி, முதல் குமிழ் வெடித்த பிறகு இன்னும் இரண்டு மூன்று நிமிடம். இந்த மூன்று நிமிடத்தைத் தவிர்ப்பதுதான் உறையாததற்கும் மாவு வாடைக்கும் காரணம். சுருள் அடுப்பு அணைத்த பிறகும் சூடாகவே இருக்கும், பாத்திரத்தை நகர்த்திவிடுங்கள், இல்லையென்றால் அடிப்பிடிக்கும்.

இருபது சென்டிமீட்டர் தட்டில் ஊற்றிக் குளிர்பெட்டியில் மூன்று மணி நேரம். அப்போதும் தளர்வாக இருந்தால் மறுபடி அடுப்பில் ஏற்றி, ஒரு மேசைக்கரண்டி மாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றிக் கொதிக்கவிடலாம். கட்டிகளைச் சூடாக இருக்கும்போதே சல்லடையில் வடிக்கலாம். அன்னாசிச் சாறு ஊற்றி வேகவைத்திருந்தால் புளிப்பு மாவின் பிடிப்பைத் தளர்த்திவிடும், பழத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உறைபெட்டியில் மட்டும் வைக்காதீர்கள். இளகியதும் பஞ்சுபோலாகித் தண்ணீர் கக்கும், அதைத் திரும்பச் சரிசெய்ய முடியாது.

சிக்கன் லாங் ரைஸில் குழம்பே இல்லை

லாங் ரைஸ் என்பது அரிசியல்ல, பச்சைப்பயறு மாவு நூடுல்ஸ். அது சாறு எல்லாவற்றையும் குடித்துவிடும். ஒன்றரை லிட்டர் கோழிச் சாற்றுக்கு 150 கிராமுக்கு மேல் வேண்டாம். வெதுவெதுப்பான நீரில் அரை மணி ஊறவைத்து, கத்தரியால் வெட்டி, கடைசிப் பத்து நிமிடம். மறுநாள் கெட்டியானால் சாறு ஊற்றிச் சூடாக்குங்கள்.

புகை அலாரம் அடிக்கிறது, அல்லது குழி தோண்டும் ஆசை

வாணலியில் கியாவே சில்லுகளைப் போட்டுப் புகைமூட்ட நினைத்தவர்களுக்கு முதல் பகுதி. சில்லுகளை வெளியே உள்ள பொதுச் சுட்டடுப்புக்குக் கொண்டுபோங்கள், அலாரத்தின் மின்கலத்தைக் கழற்றாதீர்கள்.

இரண்டாவது இமு, அதாவது குழியடுப்பு. வாடகை வீட்டுத் தோட்டத்திலும் கடற்கரையிலும் வேண்டாம். மணல்மேடுகளில் முன்னோர்களை அடக்கம் செய்த இடங்கள் உண்டு. ஓடையிலிருந்து எடுத்த ஈரக் கல் நெருப்பில் வெடிக்கும். எந்தக் கல் நுண்துளை எரிமலைக் கல், எது வெடிக்கும் கல் என்று பிரித்தறியப் பழக்கம் வேண்டும். யாராவது உள்ளூர்க் குடும்பம் தங்கள் இமுவுக்கு அழைத்தால் அதிகாலையிலேயே போய் இலை பரப்பவும் மண் அள்ளவும் கை கொடுங்கள்.